ஒட்டிலியா திரும்ப எடுத்துக்கொண்ட சொல்

ஒட்டிலியா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டபோது எனக்கு ஏழு வயது இருக்கும். வளர்ந்து தாமாகக் கேட்கிறவர்களுக்கு மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்கிறோம் என்பதற்காக எங்களைப் பிடித்துக் கொன்ற காலம் அது. பல குடும்பங்கள் ஒரே சமையலாகக் கூடி வாழும் எங்கள் மொராவிய வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடியும் முன்னால், பிடிபட்டிருக்கிற நம்மவர்களின் பெயர்களை மூப்பர் ஒவ்வொன்றாகச் சொல்வார். இன்னார் இந்தக் கோட்டையில், இன்னார் அந்தக் கோபுரத்தில் என்று. ஒரு வாரம் ஒரு பெயர் விட்டுப்போனால் அவர் வீடு திரும்பிவிட்டார் என்று பொருள், இல்லாவிட்டால் கொன்றுவிட்டார்கள் என்று பொருள். எது என்பது மூப்பரின் குரலிலேயே தெரிந்துவிடும். அந்த வரிசையின் கடைசியில் வாராவாரம் இப்படி வரும்: "புஸ்டர் பள்ளத்தாக்கில் ஒட்டிலியா, அக்கா வீட்டில், சங்கிலியில்."

அக்கா வீட்டில் எதற்குச் சங்கிலி? நான் அம்மாவின் பாவாடையை இழுத்துக் கேட்டேன். "நாயைக் கட்டுற மாதிரியாம்மா?"

"வாயை மூடு. உனக்குச் சித்தி முறை அவ. எங்க பெரியம்மா மக."

அந்தப் பெரியம்மாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வெரோனிகா, மலைநாட்டில் அந்தப் புஸ்டர் பள்ளத்தாக்கின் அடியில் காஸ்பர் என்ற கொல்லருக்கு வாழ்க்கைப்பட்டாள். இளையவள் ஒட்டிலியாவை மேல்சரிவில் மரம் இழுக்கிற லூகாஸுக்குக் கொடுத்தார்கள். என் அம்மா நான் பிறக்கும் முன்பே படகேறி மொராவியாவுக்கு வந்துவிட்டாள். அவர்கள் அங்கேயே தங்கினார்கள். இனி நான் சொல்லப்போவது எல்லாம் பிற்பாடு ஒட்டிலியா, வெரோனிகா, காஸ்பர் மூவர் வாயிலிருந்தும் நான் கேட்டது. மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். காஸ்பர் சொல்வதில் மட்டும் வசவு கூடுதலாக இருக்கும்.

ஒட்டிலியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே உட்காரத் தெரியாது. கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே குடிப்பாள். வாயும் அப்படித்தான், மனதில் வந்தது பல்லுக்குப் பின்னால் நிற்காது. கல்யாணமான இரண்டாவது வருஷம், பிப்ரவரி மாதத்தில் லூகாஸ் மரக்கட்டைகளைச் சறுக்குவண்டியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோது மலையிலிருந்து பனி சரிந்து அவனை மூடிவிட்டது. அப்போது அவள் வயிற்றில் இரண்டு மாதம்.

அந்தக் கோடையில்தான் ஒஸ்வால்ட் அங்கே போனார். எங்கள் வீட்டிலிருந்து அனுப்பப்பட்டவர். தொழில் தொப்பி செய்வது. வசந்தத்தில் மலைநாட்டுக்கு ரகசியமாகப் பிரசங்கம் செய்யத் தூது போகிறவர்களை முற்றத்தில் நிறுத்தி, வீடு முழுவதும் வரிசையாக வந்து கட்டிக்கொண்டு விடைகொடுக்கும். போனவர்களில் திரும்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் அந்த வரிசை மெதுவாகத்தான் நகரும். ஒஸ்வால்ட் புல் அறுக்கிற கூலியாளாக அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கி, அறுப்புக்காரர்களோடு வேலை செய்துகொண்டே பேசினார்.

ஒருநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு பேர் வைக்கோல் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். அவர் எடுத்தவுடன் சொன்னது இது.

"நான் யார் பேரையும் கேக்க மாட்டேன். நீங்களும் சொல்லிடாதீங்க. நாளைக்கு என்னைக் கட்டித் தொங்கவிட்டுக் கேட்டா, தெரியாதுன்னு நான் சொல்றது பொய்யா இருக்கக் கூடாது பாருங்க."

"அப்ப எங்களை எப்படித்தான் கூப்பிடுவீங்க?" என்று கேட்டார் ஒரு கிழவர்.

"உங்களை வெள்ளாட்டு வீட்டுப் பெரியவர்னு வெச்சுக்கறேன்."

"இந்த ஊர்ல எல்லார் வீட்டுலயும் வெள்ளாடு இருக்கே!"

"அதனாலதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான்கைந்து முறை அப்படிக் கூடினார்கள். கடைசி முறை, விரும்பிக் கேட்டவர்களுக்கு அவர் ஞானஸ்நானம் கொடுத்தார். பால் கறக்கிற மரக் கிண்ணத்தில் தண்ணீர். ஒவ்வொருவராக மண்டியிட்டார்கள், ஒருவரும் பெயர் சொல்லவில்லை. ஒட்டிலியாவின் முறை வந்தது. அவர் கையில் தண்ணீரை அள்ளி, "இந்தத் தங்கச்சி…" என்று ஆரம்பித்தார்.

"ஒட்டிலியா," என்றாள் அவள். "லூகாஸ் பொஞ்சாதி. மேல்சரிவு வீடு."

அவர் கையிலிருந்த தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து போய்விட்டது.

"சொல்லிட்டியே தங்கச்சி," என்றார்.

"பேர் இல்லாம எப்படிண்ணே? கன்னுக்குட்டிக்குக்கூட ஒரு பேர் வெச்சுத்தான் மணி கட்டுறோம்."

அவர் மறுபடியும் தண்ணீரை அள்ளினார்.

எட்டாம் நாள் அவர் பிடிபட்டார். சாலையோரச் சத்திரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வண்டிக்காரன் கோப்பையைத் தூக்கி, "உங்க சுகத்துக்கு!" என்றிருக்கிறான். அந்தப் பக்கத்தில் ஒருவன் அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவனும் தூக்கிப் பதில் சொல்லிக் குடிக்க வேண்டும். நம்மவர்கள் அதைச் செய்வதில்லை. குடியை வளர்க்கிற வழக்கம் என்று விட்டுவிட்டோம். ஒஸ்வால்ட் கோப்பையைக் கீழே வைத்து, "சந்தோஷம்ணே, எனக்குத் தாகம் அடங்கிடுச்சு," என்றார். வெறும் உதட்டை நனைத்திருந்தால் போதும். மூலையில் இருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஆற்றுப் பாலத்தை எட்டும் முன்பே சேவகர்கள் வந்துவிட்டார்கள்.

சந்தை ஊரின் கோட்டையில் அவரைக் கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்கினார்கள். காலில் கல் கட்டினார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: யார் வீட்டில் தங்கினாய், யாருக்கு முழுக்குக் கொடுத்தாய், பெயரைச் சொல். சந்தைக்குப் போய் வந்த பெண்கள் இதைத் தினமும் வந்து சொன்னார்கள். மற்ற அறுப்புக்காரர்கள் பயந்தாலும் தூங்கினார்கள், அவருக்குத் தெரியாததை எந்தக் கயிறும் இழுத்து எடுக்க முடியாது. அவருக்குத் தெரிந்த பெயர் அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒன்றுதான். அந்தப் பெயருக்கு உரியவள் தன் வீட்டில் இருக்க முடியாமல் அக்கா வீட்டுக்கு வந்து, காஸ்பரின் உலைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"உக்காரு. உன்னைப் பாத்தா எனக்குச் சம்மட்டி நழுவுது," என்றார் காஸ்பர். அவர் ஊர்ப் பாதிரியாரின் கோயிலுக்குப் போகிறவர், நம்மவர்களைக் கண்டால் ஆகாது.

"உக்கார முடியல அத்தான்."

"அப்ப ஓடு. கணவாயைத் தாண்டி இன்ங்கிற ஆத்துல படகு ஏறு. மொராவியாவுல உன் கூட்டம் பொழுதுக்கும் முட்டி போட்டுக்கிட்டு இருக்காமே, அங்க போ."

"நான் போயிட்டேன்னு அவருக்கு எப்படித் தெரியும்? ஊர்லயே இல்லாத என்னைக் காப்பாத்த அவர் கை முறியணுமா?"

காஸ்பர் ஆறிப்போன இரும்பை நாலு அடி அடித்தார்.

ஆறாம் நாள் அவள் சந்தை ஊருக்கு நடந்து போனாள். வட்டார நீதிபதி காலில் துணி சுற்றி ஸ்டூல் மேல் வைத்திருந்தார், அவருக்குக் கீல்வாதம். அவள் நேராகப் போய், "ஐயா, நீங்க ஒஸ்வால்ட் அண்ணன்கிட்ட கேக்குற பேரு நான்தான். ஒட்டிலியா. கயித்தை இறக்கிடுங்க," என்றாள்.

எழுத்தர் பேனாவை எடுப்பதா வேண்டாமா என்று நீதிபதியைப் பார்த்தார். ஒஸ்வால்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வந்தார்கள். கைகள் இரண்டும் அவருடையவை அல்லாதவை போல் தொங்கின.

"இவதானா?" என்று கேட்டார் நீதிபதி.

ஒஸ்வால்ட் அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அண்ணே, நானே சொல்லிட்டேன். நீங்க ஆமான்னா போதும், விட்டுடுவாங்க."

"நீ சொன்னது உன் இஷ்டம் தங்கச்சி. என் வாயிலேர்ந்து வராது." அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரம் நடந்தியா? ஏதாவது சாப்பிட்டியா? வயித்துப்புள்ளைக்காரி," என்றார்.

அவளிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அது. கயிற்றில் தூக்குவதை அன்றோடு நிறுத்தினார்கள். பெயர் கிடைத்துவிட்டது. நான்காம் நாள் ஆற்றங்கரைப் புல்வெளியில் அவர் தலையை வெட்டி உடலை எரித்தார்கள். அவர் பேசுவது கூட்டத்துக்குக் கேட்டுவிடக் கூடாது என்று வழி முழுவதும் மேளம் அடித்தார்கள். கோபுர அறையில் அடைபட்டிருந்த ஒட்டிலியாவுக்கு மேளச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

கர்ப்பிணியைக் கொல்லச் சட்டம் இடம்கொடுக்காது. நீதிபதியும் அந்த வருஷம் கொன்றது போதும் போதும் என்று இருந்திருக்கிறார்.

"அக்கா வீட்டுல போய் இரு. ஊரை விட்டுப் போக மாட்டேன்னு சத்தியம் பண்ணு," என்றார்.

"நாங்க சத்தியம் பண்றதில்லைங்க."

"சரி, சத்தியம் வேண்டாம். இருக்கேன்னு வாயால சொல்லு."

"சொன்னா இருக்கணுமேங்க. எனக்குப் போகணும்."

எழுத்தர் சிரித்துவிட்டார். நீதிபதி சிரிக்கவில்லை. சங்கிலி போடச் சொன்னார். அதை அடிக்க வேண்டியவர் காஸ்பர்தான், அந்தப் பக்கத்தில் வேறு கொல்லர் இல்லை. அடுப்புக் கல்லிலிருந்து சமையலறை நிலைப்படி வரைக்கும் நீளம், அதற்கு மேல் ஒரு வளையம்கூடக் கூடாது என்று உத்தரவு. கால் வளையத்தின் உள்பக்கம் ஆட்டுத்தோல் வைத்துத் தைத்தார் காஸ்பர். தைத்துக்கொண்டே திட்டினார்.

செப்டம்பரில் அந்தச் சமையலறையிலேயே ரெகினா பிறந்தாள். மூன்றாம் நாள் பாதிரியார் வந்து, பச்சைக் குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கிப்போய் முழுக்காட்டிக் கொண்டுவந்தார். நாங்கள், தாமாக விவரம் தெரிந்து கேட்கிறவர்களுக்குத்தான் அதைச் செய்வோம். நிலைப்படியில் சங்கிலி இழுத்துப் பிடிக்க நின்று பார்த்த ஒட்டிலியா, "தண்ணிதானே, காஞ்சிடும்," என்றாளாம். ஆனால் இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை என்று வெரோனிகா சொன்னாள்.

ஞாயிறுதோறும் கோயில் விட்டதும் லொரென்ஸ் என்ற சேவகன் வருவான்.

"விட்டா இருப்பியா?"

"போயிடுவேன்."

"சரி, அடுத்த வாரம் பாப்போம். வெரோனிகாம்மா, அந்த மாவுருண்டை மிச்சம் இருக்கா?"

நான்கு வருஷம் இதே கேள்வி, இதே பதில், இதே மாவுருண்டை. ஒட்டிலியா மாவு பிசைந்தாள், கம்பளி நூற்றாள், குழந்தைக்கு நடை பழக்கினாள். வேலை இல்லாத நேரத்தில் அடுப்புக்கும் நிலைப்படிக்கும் நடந்தாள். அந்தப் பலகைத் தரையில் ஒரு தடம் விழுந்துவிட்டது. வெரோனிகா அதில் தடுக்கி இரண்டு முறை சூப்பைக் கொட்டியிருக்கிறாள்.

நான்காம் வருஷம் மே மாதம் ஒரு ஞாயிறு, லொரென்ஸ் மாவுருண்டை கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். "அறுப்பு முடிஞ்சதும் புள்ளையைப் பக்கத்துப் பள்ளத்தாக்குல ஒரு நல்ல குடும்பத்துல விடச் சொல்லிட்டாங்க. ஒழுங்கா ஜெபம் சொல்லிக்குடுக்குற வீடாம். நான் இல்ல, மேலேர்ந்து."

அன்று முதல் ஒட்டிலியாவின் கால் நிற்கவே இல்லை. ரெகினாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். வெரோனிகா அவள் கூடவே நடந்து கெஞ்சினாள்.

"ஒரே ஒரு வார்த்தைடி. இருக்கேன்னு சொல்லு. அவங்க கழட்டுவாங்க. அப்புறம் புள்ளையைத் தூக்கிட்டு உன் வழியைப் பாரு. ஊர்ல யாரும்மா நாளுக்கு நாலு பொய் சொல்லாம அடுப்பு மூட்டுறா?"

"எனக்கு வராதுக்கா."

"புள்ளையை இழுத்துக்கிட்டுப் போறப்ப வருமா?"

அடுத்த ஞாயிறு லொரென்ஸ் வந்து, "விட்டா இருப்பியா?" என்று கேட்டான்.

"இருக்கேன்," என்றாள் ஒட்டிலியா.

லொரென்ஸ் கையிலிருந்த உருண்டை கிண்ணத்தில் விழுந்து சூப்பு தெறித்தது. "என்ன சொன்னே?"

"இருக்கேன்."

அவன் ஓடிப்போய் நீதிபதியிடம் சொன்னான். செவ்வாய்க்கிழமை உத்தரவு வந்தது. அம்மா வழிக்கு வந்துவிட்டதால் பிள்ளையை எடுப்பதும் தள்ளிவைக்கப்பட்டது. காஸ்பர் கால் வளையத்தை உடைத்து எறிந்தார்.

வியாழக்கிழமை சந்தை நாள், சாலையில் கூட்டம் இருக்கும், அன்று போவது என்று அக்காளும் தங்கையும் பேசிவைத்திருந்தார்கள். வெரோனிகா கறுப்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மூட்டை கட்டிக் கொடுத்தாள். ஒட்டிலியா பிள்ளையோடு கிளம்பி ஆற்றுப் பாலம் வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். பொழுது சாய்வதற்குள் ஐந்து முறை.

"என்னடி? யாராவது மறிக்கிறாங்களா?"

"இருக்கேன்னு சொல்லிட்டேனேக்கா."

வெரோனிகா தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, கட்டிப்போட்டிருந்தப்ப போவேன் போவேன்னா. அவுத்துவிட்டா இருக்கேன்னு சொன்னேனேங்கறா!"

"இரும்பா இருந்தா நான் உடைச்சுக் குடுப்பேன்," என்றார் காஸ்பர். "இவ கட்டிக்கிட்டிருக்கிற எழவுக்கு எந்தச் சம்மட்டியை எடுக்கறது?"

சங்கிலியில் இருந்த நான்கு வருஷத்தைவிட அந்த மூன்று வாரம் கொடுமை என்று ஒட்டிலியா என்னிடம் சொல்லியிருக்கிறாள். எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம், அதனால் எங்கும் நடந்தாள். மேல்சரிவுக்குப் போவாள், ஆற்றங்கரைப் புல்வெளிக்குப் போவாள், அங்கே அறுத்துக்கொண்டிருப்பவர்கள் அவளைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருப்பார்கள். "தெரியாதுன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா ஒஸ்வால்ட் அண்ணன் கை முறிஞ்சிருக்காது," என்பாள். "நான் ஒரு பொய்யை மூட்டை கட்டி எடுத்துக்கிட்டுப் போய், அவரை அனுப்பின வீட்டுல நின்னு எப்படி முழிக்கறது?" பிள்ளையை எடுப்பது தள்ளித்தான் போயிருக்கிறது, நின்றுவிடவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, ரெகினாவைத் தூக்கிக்கொண்டு நீதிபதி முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, இருக்கேன்னு சொன்னேன். அது பொய். திரும்ப எடுத்துக்கறேன்."

நீதிபதிக்குப் புரியவில்லை. "போகணும்னா போயிருக்க வேண்டியதுதானே? யார் காவல் இருந்தா?"

"யாரும் இல்லைங்க. ஆனா இருக்கேன்னு சொல்லியிருந்தேன். இப்ப இல்லைன்னு சொல்றேன். போகப் போறேன். நீங்க தெரிஞ்சுக்கணும்."

நீதிபதி காலில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டினார். பிறகு காஸ்பரை அழைத்துவரச் சொன்னார். காஸ்பர் தோல் முன்துணியோடு வந்து நின்றார்.

"சங்கிலியை மறுபடி மாட்டு."

"சங்கிலி இல்லைங்க."

"எங்கே?"

"நாலு அரிவாள், ஒரு கலப்பைக் கொழு, மீதி கதவுக் கீல். புல்லறுப்புக் காலம், நல்ல இரும்பைச் சும்மா போட்டு வெக்க மனசு வருங்களா?"

"புதுசு அடி."

"இரும்பு வரணும். சனிக்கிழமை ஆயிடும்."

நீதிபதி ஒட்டிலியாவைப் பார்த்தார். "சனிக்கிழமை வரைக்குமாவது இருப்பியா?"

காஸ்பர் அவளைப் பார்த்து உதட்டைக் கடித்தார். சரி என்று சொல்லித் தொலை என்று அதற்குப் பொருள்.

"இல்லைங்க. இன்னைக்கே போறேன்," என்றாள்.

கோபுரத்தில் அடைக்கச் சொல்லியிருக்கலாம். அது காலியாகத்தான் இருந்தது. நீதிபதி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி, "காஸ்பர், இவ உன் பொறுப்பு. சனிக்கிழமை சங்கிலியைக் கொண்டாந்து காட்டு. ரெண்டு பேரும் போங்க," என்றார். அவர் வேண்டுமென்றே விட்டார் என்று காஸ்பர் சாகும்வரை சொன்னார். கால் வலியில் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை என்பாள் வெரோனிகா. ஒட்டிலியாவைக் கேட்டால், "அவர் மனசை நான் எப்படிக் கண்டேன்? நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்," என்பாள்.

பொறுப்பு என்றால் என்ன என்று காஸ்பருக்குத் தெரியும். அவள் போய்விட்டால் சனிக்கிழமை அவர் காலில்தான் இரும்பு. வீடு வரும்வரை அவர் வாய் ஓயவில்லை. வந்ததும், "வெரோனிகா, சம்மட்டியையும் இடுக்கியையும் எடுத்துக் கட்டு. உலைத் துருத்தியைத் தூக்க முடியாது, விடு. உன் தங்கச்சிக்கு நாக்கைக் குடுத்தவன் கொஞ்சம் மூளையும் குடுத்திருக்கலாம்," என்றார். நான்கு பேரும் அந்தப் பிற்பகலிலேயே பாலத்தைத் தாண்டினார்கள். புல் வண்டிகளுக்கு நடுவே நடந்து கணவாய் ஏறி, இன் ஆற்றில் படகு பிடித்து, டான்யூபில் இறங்கி, கரையேறி நடந்து, ஆறாம் வாரம் எங்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. சித்தி என்றால் பெரிய உருவமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். குச்சி மாதிரி ஒரு பெண், இடது காலை மட்டும் கொஞ்சம் வீசி வைத்து நடந்தாள். என் அம்மா கட்டிக்கொண்டு அழ, அவள், "அழுவை அப்புறம், மூப்பர் எங்கே?" என்று கேட்டாள். அன்று மாலையே சபை முன்னால் நின்று, மூன்று வாரம் ஒரு பொய்யை வைத்திருந்ததைச் சொல்லி, அதற்குரிய கண்டிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு வாரம் அவளுக்கு யாரும் சமாதான வாழ்த்துச் சொல்லவில்லை, சாப்பாடு தனி மேசையில். காஸ்பருக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. "இதுக்கா என் உலையை விட்டுட்டு வந்தேன்?" என்று முற்றத்தில் நின்று கத்தினார். அவர் கடைசிவரை முழுக்கு எடுக்கவில்லை. எங்கள் உலைக்களத்தில் முப்பது வருஷம் வேலை செய்தார், ஜெப நேரத்தில் வெளியே கட்டை மேல் உட்கார்ந்திருப்பார்.

ஒட்டிலியா சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். அங்கே உட்கார வேண்டியதில்லை. ஒவ்வொரு வசந்தமும் தூதர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மூப்பரிடம் போய், என்னையும் அனுப்புங்கள், எனக்கு அந்தப் பாதை தெரியும் என்பாள். பெண்ணைத் தனியாக அனுப்புவதில்லை என்பார் மூப்பர். அடுத்த வருஷமும் போய்க் கேட்பாள். நான்கு மூப்பர்கள் மாறினார்கள், பதில் மாறவில்லை. பிற்பாடு மொராவியாவிலும் எங்களைக் காட்டுக்குத் துரத்திய வருஷங்களிலும், குகையில் ஒண்டியிருந்தபோதும், இந்தக் கேள்வியை அவள் விடவில்லை.

எழுபத்தோராவது வயதில், ஈரத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது விழுந்தாள், மூன்று நாள் படுக்கையில் கிடந்தாள். ரெகினா பக்கத்தில் இருந்தாள், நானும் இருந்தேன். இப்போது ஒட்டிலியா எங்கள் வீடு இருக்கிற ஷாக்விட்ஸில், எங்கள் ஆப்பிள் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில், இரண்டாவது வரிசையில், காஸ்பருக்கும் வெரோனிகாவுக்கும் நடுவில் புதைக்கப்பட்டிருக்கிறாள்.